இப்பப் பந்து போடறதில்லீங்க

ஆமாங்க, பையனைக் காலேஜ்ல சேத்தி ஆஸ்டல்ல விட்டுட்டுத்தானுங்க வர்றேன். காலிப் பெட்டியோட ஏறுனதப் பாத்தே கண்டுபுடிச்சுட்டீங்களாட்ட இருக்குது. நீங்க பழனிங்களா? நான் உடுமலைங்க. உங்களுக்கு முன்னாலயே எறங்கிருவேன். ஜன்னலோரம் வேணும்னா நீங்க உக்காந்துக்குங்க. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானுங்க.

பி.காமுங்க. படிப்பு கெடக்குது. கூடைப்பந்துக் கோட்டாவுலதான் சீட்டு. பேஸ்கட்பால்னு சொல்லுவாங்க பாருங்க, ஒசரத்துல வளையம் மாட்டி அதுக்குள்ளாற பந்து போடற ஆட்டம். தரணீஷ்னு பேரு. அதுல அவன் ஃபார்வர்டுங்க. ஃபார்வர்டுன்னா வளையத்துக்குக் கிட்டத்துலயே நின்னு போடறதும், விழுகாமத் திரும்பற பந்தத் தாவிப் புடிக்கறதும். அப்படித் திரும்பற பந்துக்கு ரிபவுண்டுன்னு பேரு. இதெல்லாம் நான் எங்க படிச்சனுங்க? ஆறாங்கிளாஸ்ல இருந்து பாலை ஊத்திக் கொண்டுபோயி கிரவுண்டு படியில உக்காருவேன். இவன் ஆடி முடிச்சுக் குடிச்சாத்தான் எந்திரிப்பேன். பாத்துப் பாத்தே வந்துருச்சு. விசில் எதுக்கு ஊதறாங்கன்னு ஊதறதுக்கு முன்னாலயே சொல்லிப்போடுவேன்.

இன்னிக்கு அந்தக் காலேஜ் கோச்சு, தேவசகாயம்னு பேரு, பெரிய மனுசன், நரைச்ச மீசை, பையன வெளிய பெஞ்சுல உக்காரச் சொல்லிட்டு என்னை மட்டும் உள்ள கூப்புட்டாருங்க. "அம்மா, இவனப் பத்தி எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்கதான் எல்லா மேட்சும் பாத்தவங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்களே சொல்லுங்க. பலம் என்ன, பலவீனம் என்ன?"ன்னு கேட்டாரு.

பெத்தவகிட்ட இப்படிக் கேட்டா, மத்தவளா இருந்தா என் பையன் தங்கமுங்க, வைரமுங்கன்னு சொல்லுவா. நான் அப்படிச் சொல்லலீங்க. உள்ளத உள்ளபடி சொன்னேன்.

மொதல்ல ஒசரம். எங்க வீட்டுக்காரரு சைடுல எல்லாருமே ஒசரம். ஒசரமா இருந்துட்டா மட்டும் ஆவாதுங்க, தென்னமரங்கூட ஒசரந்தான். இவனுக்குக் கை நல்ல கை. இடது கையிலயும் போடுவான், வலது கையிலயும் போடுவான். எதுத்தாப்புல நிக்கறவனுக்கு எந்தப் பக்கம் மறிக்கறதுன்னே தெரியாது. அப்பறம், விழுகாத பந்து எந்தப் பக்கம் திரும்பும்னு முன்னாலயே அவனுக்குத் தெரிஞ்சு போகுது. எல்லாரும் மேல பாத்துட்டு நிப்பாங்க, இவன் போயி எடத்தப் புடிச்சுக்குவான். கோவப்பட மாட்டான். மூஞ்சியில முழங்கையால இடிச்சாக்கூடத் துடைச்சுட்டு ஓடுவான். இதெல்லாம் பலமுங்க.

பலவீனம்னு பாத்தா, வாயத் தொறக்க மாட்டான். பந்து குடுன்னு கேக்க மாட்டான். வலிச்சா வலிக்குதுன்னு சொல்ல மாட்டான். ஒரு தாட்டி கணுக்கால் பொடைச்சுக் கெடக்குது, அதோட முழு ஆட்டமும் ஆடிட்டு வந்து ஷூவக் கழட்ட முடியாம உக்காந்திருந்தான். ஏண்டா சொல்லலீன்னா, "நீ ஆடச் சொன்னியே"ங்கறான். சொன்னேன். ஆனா வலியோட ஆடுன்னா சொன்னேன்? இதுதானுங்க அவன்கிட்ட இருக்கற கொறை. நாமளாப் புரிஞ்சுக்கணும்னு நெனைப்பான்.

"அப்பறம்?"னாரு கோச்சு.

அப்பறம் ஒண்ணே ஒண்ணுதானுங்க சார், இப்பப் பந்து போடறதில்லீங்கன்னேன்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான். ஃபார்வர்டு ஆளு, வளையத்துக்கு நேர் கீழ பந்தோட நிக்கறான், முன்னால ஒரு ஈ காக்கா இல்ல, தூக்கிப் போட்டா விழுந்துரும். போடமாட்டான். திரும்பிப் பாத்து யாருகிட்டயாச்சும் குடுத்துருவான். போன வருசம் ஐப்பசியில இருந்து இப்படி. அதுக்கு முன்னால அவனாட்டப் போடற பையன் இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்க.

போன ஐப்பசியில மெட்ராஸ்ல ஸ்டேட் மேட்சு. பதினெட்டு வயசுக்குக் கீழ. நம்ம ஜில்லா டீமு ஃபைனல் போச்சு. அதுவே பெருசு. அன்னிக்கு இந்தியா கேம்ப்புக்கு ஆளு எடுக்கறவங்க வந்து பாக்கறாங்கன்னு கதிரவன் சாரு, உள்ளூர்ல அவனுக்குக் கோச்சு, மொதோ நாளே போன் பண்ணிச் சொல்லியிருந்தாரு. நான் போயிருக்கணும். வீட்டுக்காரருக்கு நெஞ்சு கரிக்குதுன்னு ரெண்டு நாளாச் சொல்லிட்டிருந்ததால போகல.

அவரு மில்லு வேன் ஓட்டுனாருங்க. குழந்தைவேலுன்னு பேரு. சுத்துப்பட்டு ஊருல இருந்து வேலைக்கு வர்ற புள்ளைங்கள ஏத்தி எறக்கறது. ஆட்டத்தப் பத்தி அவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. ஒரேயொரு தாட்டி பாக்க வந்தாரு. கம்பி வேலிக்கு வெளிய நின்னுட்டு, எதிர் டீமு பந்து போட்டதுக்கும் கை தட்டுறாரு. ஏனுங்க, அது நம்ம எதிரிங்கன்னா, "நல்லாத்தான போட்டான் அந்தப் பையன்"ங்கறாரு. என்னத்தச் சொல்றது? பையன் வெளியூருக்கு ஆடப் போனா ஆட்டம் முடிஞ்சு அவருக்குத்தான் போன் போடுவான். இவரு "எத்தனை போட்டே?"ம்பாரு. அவன் சொல்லுவான். "செரி சாமி, சாப்புடு"ன்னு வெச்சுருவாரு. அவ்வளவுதான் பேச்சு. நான் புடுங்கி, ஃபவுல் எத்தனை, ரிபவுண்டு எத்தனை, கடைசியில ஏன் உன்ன வெளிய எடுத்தாங்கன்னு கேப்பேன். அதெல்லாம் கேட்டாத்தானுங்க ஆட்டம் வளரும். எத்தனை போட்டேன்னு ரோட்டுல போறவன்கூடக் கேப்பான்.

ஃபைனல் அன்னிக்குக் காத்தால, மொத ஷிப்டு புள்ளைங்கள ஏத்திட்டு வந்தவரு, மில்லு கேட்டுக்குள்ள வண்டிய ஒழுங்கா ஓரங்கட்டி, பிரேக் போட்டு, சாவியத் திருப்பி ஆஃப் பண்ணிட்டு, ஸ்டேரிங் மேல தலைய வெச்சுட்டாருங்க. தூங்கறாருன்னு நெனச்சுப் புள்ளைங்க எறங்கிப் போயிருச்சுங்க. கூட்டற பொம்பள வந்து தொட்டுப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குப் போயி ஒண்ணும் பிரயோசனமில்ல.

நான் அழுகலீங்க. எல்லாருஞ் சொன்னாங்க, அழுதுரு வசந்தாமணி, அழுகாட்டி உள்ளயே தங்கிப் போயிரும்னு. வரலீங்க. வந்தா அழுக மாட்டனா? இன்னி வரைக்கும் வரல. காலு மரத்துப் போனா எப்படி இருக்குமுங்க, கிள்ளுனாத் தெரியாதுல்ல, அப்படி. அதுவும் ஒரு வகைக்குச் சௌகரியந்தான். அன்னிக்கு யாருக்கும் புத்தி வேலை செய்யல, எனக்கு மட்டுந்தான் செஞ்சுது.

கொழுந்தனாரு போன எடுத்துட்டாரு, பையனுக்குச் சொல்லணும்னு. நான் கையப் புடிச்சுட்டேன். இருங்க, ஃபைனல் இன்னிக்குச் சாயங்காலம், முடியட்டும்னேன்.

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? கொள்ளி வெக்க வேண்டியவன் அவன்"னு கத்துனாரு.

அவன் வந்துதான வெக்கப் போறான், இல்லீன்னு யாரு சொன்னா? இப்பச் சொன்னாலும் பஸ்ஸேறி வந்து சேர ராத்திரியாயிரும். ராத்திரில எடுக்க முடியுமா? எப்படியும் நாளைக்குத்தான் எடுக்கணும். பொட்டி சொல்லியாச்சு, ஐஸ் பொட்டி. செத்தவரு எங்க போகப் போறாரு? இந்தியா கேம்ப்புக்கு எடுக்கறவன் நாளைக்கு இருப்பானான்னேன். கணக்குப் போட்டுப் பாருங்க, நான் சொன்னதுல தப்பு இருக்குதுங்களா? கொழுந்தனாரு போனக் கீழ வெச்சுட்டாரு. ஆனா அன்னில இருந்து அவரு எங்கூடப் பேசறதில்ல. அது அவரு குணம்.

கதிரவன் சாருக்கு நானே போன் பண்ணுனேன். அந்த மனுசன் போன்லயே அழுதுட்டாரு. "அக்கா, சொல்லிரலாங்கக்கா, பையன்கிட்ட என்னால மறைக்க முடியாதுங்க"ன்னாரு. சார், நீங்க கோச்சுங்க, மேட்சப் பாருங்க, மீதிய நான் பாத்துக்கறேன்னேன். நல்ல கோச்சுதான், ஆனா எளகுன மனசு. அப்பறம் பாருங்க, ரெண்டு மாசங் கழிச்சு வீட்டுக்கு வந்து, "நான் அதுக்கு ஒத்துக்கிட்டிருக்கக் கூடாதுங்கக்கா"ன்னு மூஞ்சியப் பாக்காமச் சொல்லிட்டுப் போனாரு. எதுக்கு ஒத்துக்கிட்டிருக்கக் கூடாதுன்னு எனக்குச் சட்டுனு புரியக்கூட இல்ல. டீயக் குடிக்காமயே போயிட்டாரு.

சாயங்காலம் எழவு வீட்டுல ஒரே கூட்டம். வீட்டுக்காரரு போன் எங்கையில இருக்குது. அடிக்குது. பையன். நான் வீட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போயி, துணி தொவைக்கற கல்லுகிட்ட நின்னு எடுத்தேன். "அம்மா, ஜெயிச்சுட்டோம். முப்பத்தொண்ணும்மா! அப்பாகிட்ட குடு"ங்கறான். அவனுக்கு அப்படியொரு கொரலு இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. மூச்சு வாங்குது, சிரிக்கறான்.

முப்பத்தொண்ணு பாயிண்டுங்க! ஒரே ஆட்டத்துல ஒரே ஆளு. அவன் அதுவரைக்கும் அவ்வளவு போட்டதே இல்ல. பாத்தீங்களா, நான் சொன்னது செரியாப் போச்சா? காத்தாலயே சொல்லியிருந்தா அந்த முப்பத்தொண்ணு ஏது?

அப்பா அசந்து தூங்கறாரு சாமி, நாஞ் சொல்லிக்கறேன்னேன்.

"வேண்டாம்மா, எந்திரிச்சா நானே சொல்லிக்கறேன்"ன்னு வெச்சுட்டான்.

உள்ளார அப்பப் பாத்து எங்க நாத்தனாரு வந்து ஓன்னு கூப்பாடு போட்டுச்சு. நல்லவேளை, போன் வெச்சதுக்கப்பறம்.

மக்யா நாள் விடியக்காலம் வந்தான். டீமு வேனையே நேரா ஊருக்குள்ள கொண்டாந்துட்டாரு கதிரவன் சாரு. வழியில ஒண்ணுஞ் சொல்லலியாட்ட இருக்குது. கழுத்துல மெடலோடயே எறங்குனான். தெருவுல பந்தலப் பாத்தான், சேரு போட்டு ஆளுங்க உக்காந்திருக்கறதப் பாத்தான். ஓடி வரலீங்க. நடந்துதான் வந்தான். பொட்டிகிட்ட நின்னான். ரொம்ப நேரம் நின்னான். அப்பறம் குனிஞ்சு, அந்தக் கண்ணாடி மேல வாயி படற மாதிரி என்னமோ சொன்னான். ஒத்த வார்த்தைதான். எனக்குக் கேக்கல. சாமி கும்புட்டானாட்ட இருக்குது.

அப்பறம் என் பக்கம் திரும்பி, "எப்பம்மா?"ன்னு கேட்டான். நேத்துக் காத்தாலன்னேன். மறைச்சு என்னத்துக்கு ஆவுது? தலைய ஆட்டிட்டுப் போயிக் குளிச்சுட்டு வந்தான். எல்லாக் காரியமும் ஒழுங்காப் பண்ணுனான். ஒரு கொறை சொல்ல முடியாது. என்ன ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. சொன்னேனுங்களே, பக்குவமான பையன், கோவமே வராது.

அதுக்கப்பறந்தானுங்க இந்தக் கோளாறு வந்தது. எப்படி வந்துச்சுன்னே தெரியல. காரியம் முடிஞ்சு கிரவுண்டுக்குப் போனான். ஆடுனான். ஓடறான், தாவறான், முன்னயவிட எச்சா ரிபவுண்டு எடுக்கறான். அடுத்தவன் போட்டு விழுகாத பந்தெல்லாம் இவன் கையிலதான். ஆனா போடமாட்டேங்கறான். ஆளு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. முழங்கை வெளிய போகுது, அதான் போட பயப்படறான்னாரு ஒருத்தரு. கண்ணு டெஸ்ட் பண்ணச் சொன்னாரு இன்னொருத்தரு. பண்ணுனோம், கண்ணு நல்லாத்தான் இருக்குது. முட்டை எச்சாப் போட்டேன். பாதாம் ஊற வெச்சுக் குடுத்தேன். ஜாதகங்கூடப் பாத்துட்டேன்.

இந்தியா கேம்ப்புக்குக் கூப்புட்டாங்களுங்க, கூப்புடாம என்ன, முப்பத்தொண்ணு போட்டவனில்ல! பெங்களூர்ல வெச்சுத் தேர்வு. நானும் போனேன். படியில உக்காந்து பாக்கறேன். இவனை ஒருத்தன் புடிச்சுத் தள்ளிட்டான், ஃபவுலு. ஃபவுல் பண்ணுனா கோட்டுல தனியா நின்னு போட விடுவாங்க, யாரும் மறிக்க மாட்டாங்க. சும்மா எறியறதுதான், சின்னக் கொழந்தைகூடப் போட்டுரும். பந்தக் கையில குடுத்தாங்க. நின்னான். வளையத்தப் பாக்கலீங்க, பந்தயே பாத்துட்டு நிக்கறான். போடு சாமின்னு நான் கத்துனேன். அஞ்சு எண்ணறதுக்குள்ள போடணும்னு சட்டம். விசில் ஊதிட்டாங்க. பந்த அம்பயர் கையில குடுத்துட்டு, தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு, போயித் தன்னோட எடத்துல நின்னுக்கிட்டான்.

அதோட கேம்ப்பு போச்சு. ரயில்ல வரும்போது, ஏஞ் சாமி, கை வலிக்குதான்னேன். "இல்லம்மா"ன்னான். பின்ன ஏன் போடலன்னேன். ஜன்னல்ல பாத்துக்கிட்டே, "போட்டு யாருகிட்டச் சொல்றது?"ங்கறான். ஏன், எங்கிட்டச் சொல்லு, நானேதான் பாத்துட்டிருக்கறனேன்னேன். இப்படித்தானுங்க, பாதி சொல்லுவான், மீதிய முழுங்கிருவான்.

இதெல்லாம் அந்தத் தேவசகாயம் சாருகிட்ட விவரமாச் சொன்னேன். மறைச்சு சீட்டு வாங்கறது நமக்குப் பழக்கமில்ல. எல்லாங் கேட்டுட்டு, "அவங்கப்பா எறந்த அன்னிக்குப் பையன் எங்கம்மா இருந்தான்?"னு கேட்டாரு. ஆட்டத்துக்கும் அதுக்கும் என்ன சம்மந்தம்? கேட்டதுனால சொன்னேன். உங்ககிட்டச் சொன்னமாதிரியேதான், முப்பத்தொண்ணு வரைக்கும். பெருமையாத்தான் சொன்னேன். அவரு பேனாவ மூடி வெச்சுட்டு ஜன்னலுக்கு வெளிய பையனையே பாத்துட்டிருந்தாரு. பெஞ்சுல முதுகு வளைய உக்காந்திருக்கறான். ஒக்கார்ற முறை செரியில்லதான், அதையும் சொல்லணும்னு நெனச்சேன்.

"சீட்டுக் குடுத்துட்டோம்மா"ன்னாரு. அப்படியே எனக்கு மனசு பாரம் எறங்குச்சு. ரிபவுண்டுக்காகத்தான் குடுத்திருக்கணும். ஆனா அடுத்தாப்புல ஒண்ணு சொன்னாரு பாருங்க. "அவனைப் பந்து போடச் சொல்லி நான் கேக்க மாட்டேம்மா. அவனாப் போட்டாப் போடட்டும். ஒரு வருசமானாலுஞ் செரி, மூணு வருசமானாலுஞ் செரி"ங்கறாரு. ஏனுங்க, ஒரு கோச்சு பேசற பேச்சுங்களா இது? ஃபார்வர்டு போடாட்டி டீமு எப்படி ஜெயிக்கும்? பெரிய காலேஜு, என்னமோ திட்டம் வெச்சிருப்பாருன்னு வாய மூடிக்கிட்டேன்.

ஆஸ்டல் ரூம்ல பெட்ஷீட்டு விரிச்சு, பக்கெட்டு வாங்கி வெச்சு, கூட இருக்கற ரெண்டு பசங்ககிட்டயும் சொல்லிட்டு வந்தேன். கேட்டு வரைக்கும் கூட வந்தான். மொத மேட்சு எப்ப சாமி, இங்கதானா, ஈரோட்டுலயா? எங்க இருந்தாலும் காத்தால பஸ்ஸுக்கு வந்துருவேன்னேன்.

"நீ வராதம்மா"ன்னான்.

வெயில்ல அலைய வேண்டாம்னு சொல்றானாக்குன்னு நெனச்சு, எனக்கென்ன சாமி செரமம், வர்றேன்னேன்.

"இல்லம்மா. நீ இனி எம் மேட்சுக்கு வராத. எந்த மேட்சுக்கும்."

கோவமாச் சொல்லலீங்க. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு பேச்சுப் பேசியிருப்பேன். தண்ணி வேணுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுவோமில்ல, அப்படிச் சொன்னான். ஏஞ் சாமி, அம்மா என்ன பண்ணுனேன்னேன். என்னையே பாத்தான். அவங்கப்பா போனதுக்கப்பறம் இத்தன நாள்ல அப்படி நேருக்கு நேராப் பாத்ததே இல்ல. எனக்கு எதையோ சொல்லப் போறானாட்ட இருந்துச்சு. எங்கையில இருந்த பெட்டிய வாங்கிக் கொண்டாந்து பஸ் ஸ்டாப்புல வெச்சுட்டு, "பாத்துப் போம்மா. போயிட்டுப் போன் பண்ணு"ன்னு திரும்பிட்டான். நடையப் பாத்தீங்கன்னா நல்ல நடை. தோளு இன்னும் விரியணும். ஒரு வருசத்துல விரிஞ்சுரும்.

நான் யோசிச்சுப் பாத்தேனுங்க, இவ்வளவு தூரம் பஸ்ஸுல யோசிச்சுட்டேதான் வந்தேன். பெத்தவங்க வந்து உக்காந்தா கவனம் சிதறும்னு அவனாவே கண்டுபுடிச்சிருக்கறான். பெரிய ஆட்டக்காரங்களுக்கெல்லாம் அந்தப் புத்தி வருமாமுங்க. வளர்ச்சிதானுங்களே அது? அப்படித்தான எடுத்துக்கணும்?

ஏனுங்க, கண்ணுல தூசி பட்டுருச்சா? ஜன்னலச் சாத்திருங்க.

உடுமலை வந்துருச்சுங்க. இருங்க, கொஞ்சம் காலு எடுத்துக்குங்க, பெட்டிய எடுத்துக்கறேன். போயி, காத்தால ஆக்கி வெச்ச சோறு இருக்குது, அதுல தண்ணிய ஊத்தோணும். அதுக்கப்பறம் சாயங்காலம் வரும். இத்தன வருசமாச் சாயங்காலமானா கிரவுண்டு படிதான். இனி அந்த நேரத்துல வீட்டுல இருந்துட்டு என்ன பண்ணுவாங்க? உங்களத்தான் கேக்கறேன், நீங்கல்லாம் என்னங்க பண்ணுவீங்க?